ஸ்டெல்லா அம்மாவின் மெயில்

ஒருவர் கையிலிருந்து மவுஸைப் பிடுங்குவதற்கு யார் 'சேவை' என்று பெயர் வைத்தார்கள்? எனக்குத் தெரியவில்லை.

ஆரணியில் என் அம்மா வசிக்கும் முதியோர் குடியிருப்பின் கம்ப்யூட்டர் அறைக்கு இன்று ஒரு கல்லூரி மாணவி வந்திருந்தாள். ஒவ்வொரு முதியவருடனும் போட்டோ எடுத்துக் காட்டினால்தான் கல்லூரியில் சான்றிதழாம். அதனால் ஒரே அவசரம்.

ஓய்வுபெற்ற நர்ஸ் ஸ்டெல்லா அம்மா, துபாயில் இருக்கும் மகனுக்குத் தானே மெயில் எழுதக் கற்க வந்திருந்தார். ஒற்றை விரலால் அப்போதுதான் ஆரம்பித்தார்.

"தள்ளுங்க ஆயா. நீங்க அடிச்சா பொழுது போயிடும். சொல்லுங்க, நான் ஜல்தியா போட்டுடறேன்."

"நானே அடிச்சிக்கறேன்மா."

"என்னா ஆயா, லவ் லெட்டரா?"

அறையே சிரித்தது. எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள்.

"நல்லா இருக்கேன்னு போடும்மா" என்றார் ஸ்டெல்லா அம்மா. மெயில் போனது. போட்டோவும் எடுத்தாயிற்று.

லிஃப்டில் என்னிடம் சொன்னார்: "வந்தவாசி வீட்டை விக்க கையெழுத்துப் போட மாட்டேன்னு எழுத வந்தேம்மா. போன்ல சொன்னா பேசிப் பேசியே சம்மதிக்க வெச்சிடுவான்."

மாணவியின் ஸ்டேட்டஸில் இப்போது அந்தப் போட்டோ இருக்கிறது: 'கணினி கற்ற பாட்டி'. லைக் போட்டவர்களே, பாட்டி என்ன கற்றார் என்று சொல்லுங்களேன்.

மறுநாள் சேர்த்தது: காலையில் மகன் போன் செய்தார். ஸ்டெல்லா அம்மா எடுக்கவில்லை. கம்ப்யூட்டர் அறைக்குள் போய்த் தாழிட்டுக்கொண்டார். மதியச் சாப்பாட்டுக்குத்தான் வெளியே வந்தார்.

"அனுப்பிட்டேன்மா. அந்தப் பொண்ணு எதை அமுக்குச்சின்னு பாத்துகினுதான இருந்தேன்."