மிட்டாய் மறைத்த கட்டி

1. நாலாவது ஊசி

பிள்ளைகளே, சிவகாசியில் ஒரு ரத்தப் பரிசோதனை லேப்பில் முப்பத்தொரு வருஷம் டெக்னீஷியனாக இருந்தேன். இரண்டாயிரமாவது வருஷத்துக்குப் பிறகு வந்த ஒரு ஆடி வெள்ளிக்கிழமை, காலை எட்டு மணி பத்து நிமிஷம். அன்று நடந்ததை எழுதுகிறேன்.

பட்டாசுக் கம்பெனியில் வெடிமருந்து அடைக்கும் முத்துமாரி அதிகாலை வேளைகளில் மயங்கி விழுந்துகொண்டிருந்தாள். சூப்பர்வைசர் பாக்கியம்தான் திருத்தங்கலிலிருந்து பஸ்ஸில் கூட்டி வருவார். மூன்று தடவை வெறும் வயிற்றில் சர்க்கரை பார்த்தேன்: 84, 91, 88. எல்லாம் நார்மல்.

அன்று காலையே கம்பெனி மேனேஜர் போனில் சொல்லிவிட்டார். "அண்ணாச்சி, மருந்து ரூம்ல இவ விழுந்தா கூட இருக்கிற மூணு பேரும் சேந்துல்ல போவாக? இன்னைக்கும் காரணம் தெரியலன்னா வேலைய விட்டு நிப்பாட்டிருவேன்." அவள் சம்பளத்தில்தான் அவளுடைய இரண்டு பெண்பிள்ளைகள் படித்தார்கள்.

அன்று வந்தவளுக்கு வியர்வை கொட்டியது. "ஏலே, என் ஆட்டை ஏம்லே அவுத்துவிட்ட?" என்று யாரோ என்று நினைத்து என்னைத் திட்டினாள். பாக்கியம் பையிலிருந்து கருப்பட்டி மிட்டாயை எடுத்தார்.

"ஒரு நிமிஷம் பொறுங்கம்மா."

நாற்பது விநாடியில் ரத்தம் எடுத்துவிட்டு, உடனே சர்க்கரைத் தண்ணீர் கொடுத்தேன். மெஷின் 34 என்றது; எழுபதுக்குக் கீழே போனாலே குறைச்சல். ஒரு தடவை பார்த்தால் எனக்கு நம்பிக்கை வராது. இன்னும் இரண்டு தடவை ஓட்டினேன். 34, 35.

ஆறாவது நிமிஷம் அவள் நிமிர்ந்து உட்கார்ந்தாள். "என்ன அண்ணாச்சி, இன்னும் ஊசி போடலியா?"

2. சோறு இல்லை, மிட்டாய்தான்

"முந்தியும் மிட்டாய் குடுத்தீகளா?" என்று பாக்கியத்தைக் கேட்டேன்.

"பின்னே? ஊசியப் பாத்து மயங்கிருவாளேன்னு மூணு தடவையும் பஸ்ஸுலயே நாலு நாலு குடுத்தேன். இன்னைக்கு இருக்கன்குடி மாரியம்மனுக்கு விரதம்னு மிட்டாய்க்கு வாயத் தொறக்கல."

"வெறும் வயிறான்னு கேட்டேன்ல?"

"சோறா தின்னா? மிட்டாய்தானே."

மூன்று நார்மலும் அந்தப் பன்னிரண்டு மிட்டாய்கள் செய்த வேலை. என் தப்பும்தான். ரிப்போர்ட்டைத் தூக்கிக்கொண்டு டாக்டரிடம் ஓடினேன்.

3. போதும் என்று தெரியாத கட்டி

டாக்டர் சொன்னதை உங்களுக்குச் சொல்கிறேன். இரைப்பைக்குப் பின்னால் கணையம் இருக்கிறது. அது சுரக்கும் இன்சுலின், ரத்தத்தில் உள்ள சர்க்கரையை உடம்பின் செல்களுக்குள் அனுப்பும். சர்க்கரை குறைந்தால் கணையம் இன்சுலினைக் குறைத்துக்கொள்ளும். மிக அபூர்வமாகச் சிலருக்குக் கணையத்தில் இன்சுலினோமா என்ற கட்டி வரும். அதற்குப் போதும் என்பதே தெரியாது. நாம் பட்டினி கிடந்தாலும் இன்சுலினைச் சுரந்துகொண்டே இருக்கும். மூளைக்குச் சர்க்கரைதான் முக்கியமான சாப்பாடு. அது குறைந்தால் வியர்வை, உளறல், மயக்கம். இது தொற்றாது. மிட்டாய் தின்பதாலும் வராது.

மதுரை ஆஸ்பத்திரியில் முத்துமாரியைப் படுக்கையில் வைத்து, சாப்பாடு கொடுக்காமல், மணிக்கு மணி ரத்தம் பார்த்தார்கள். பதினோராவது மணியில் சர்க்கரை விழுந்தது. இன்சுலின் குறையவே இல்லை. ஸ்கேனில் கட்டி தெரிந்தது. பதினான்கு மில்லிமீட்டர், ஒரு மொச்சைப் பயறு அளவு. ஆபரேஷனில் எடுத்துவிட்டார்கள்.

4. ஐந்தாவது ஊசி

மூன்று மாதம் கழித்து முத்துமாரி தனியாக வந்தாள். யாரிடமும் "வெறும் வயிறா?" என்று கேட்பதை நான் அதற்குள் விட்டிருந்தேன்.

"கடைசியா வாயில என்ன போட்டீக? எத்தனை மணிக்கு?"

"நேத்து ராத்திரி எட்டரைக்கு ரெண்டு இட்லி. அம்புட்டுதான்."

சர்க்கரை 92. இன்னொரு தடவை ஓட்டப் போனேன்.

"போதும் அண்ணாச்சி, பசிக்குது. சும்மா பசிதான், பயப்படாதீக. கம்பெனி வேன் வந்துரும், விடுங்க."