மூட்டத்தில் ஊற்றிய தண்ணீர்

கல்யாணமான கையோடு சிவகாசிப் பட்டாசுக் கம்பெனி வேனில் ஏறியவள் வெள்ளைத்தாய். மகள் பாண்டிலட்சுமியைத் திருப்பூரில் கட்டிக்கொடுத்த பிறகும் அதே வேனில்தான் போய்வந்தாள். சரவெடி பின்னுவதில் அவளை மிஞ்ச அந்தக் கொட்டகையில் ஆள் கிடையாது. அவள் புருஷன் சுடலைக்கு அங்கேயே லோடு ஏற்றும் வேலை.

காற்று கெடுகிறது என்று சரவெடிக்குத் தடை வந்தது. முதலாளி அந்தக் கொட்டகையைப் பூட்டினார். மற்ற வெடிகளுக்கு ஏற்கெனவே ஆள் இருந்தது. இரண்டு தீபாவளி சீசன் கம்பெனியில் திரும்பக் கூப்பிடுவார்கள் என்று காத்திருந்துவிட்டு, புருஷனும் பெண்டாட்டியும் அரிவாளைத் தூக்கிக்கொண்டு கருவேலங்காட்டுக்குப் போனார்கள்.

மல்லாங்கிணறு பக்கம் ராக்கப்பனின் தரிசு நிலம் முழுக்கச் சீமைக் கருவேலம். அதை வெட்டி அடுக்கி, மேலே வைக்கோல் பரப்பி மண் பூசித் தீ வைத்தால், உள்ளுக்குள்ளேயே நாள்கணக்கில் புழுங்கிக் கரியாகும். மூட்டம் என்பார்கள். நிலம் ராக்கப்பனுடையது, உழைப்பு இவர்களுடையது, கரியில் ஆளுக்குப் பாதி. தீ வெளியே எட்டிப் பார்த்தால் ஓடிப்போய் மண் அப்ப வேண்டும். அதனால் இருவரும் புகைக்குள்ளேயே கிடந்தார்கள். சுடலைக்கு இருமல் பிடித்தது அங்கேதான்.

அந்த வருஷம் அரசாங்கத்தில் மாவட்டங்களுக்கெல்லாம் இலக்கு வைத்திருந்தார்கள். வீட்டுக்கு வீடு குழாய், வீட்டுக்கு வீடு கேஸ், சுத்தமான காற்று என்று. நன்றாக முன்னேறிய ஊருக்கான விருதுக்கு வெள்ளைத்தாயின் ஊர்ப் பெயரும் மேலே போயிருந்தது. அவள் வீட்டிலும் குழாய் இருந்தது, தண்ணீர்தான் வரவில்லை. கேஸ் அடுப்பும் இருந்தது. முதல் சிலிண்டர் தீர்ந்த பிறகு அதற்கு ஒரு துணியைப் போர்த்தி வைத்திருந்தாள்.

செவ்வாய்க்கிழமை ஊராட்சிச் செயலர் அழகுராஜா மூட்டத்துக்கு வந்தான். பைக்கை விட்டு இறங்காமலே பேசினான்.

"யக்கா, வியாழக்கிழமை டெல்லியிலருந்து ஊரப் பாக்க வாராக. இந்தப் பொகை ஆகாது. ரெண்டு நாளைக்கு நிப்பாட்டி வைங்க."

"நிப்பாட்டுறதுக்கு இது என்ன மோட்டாரா தம்பி? நடுவுல அணைச்சா வெறகும் இல்ல, கரியும் இல்ல. ஞாயித்துக்கெளம தானா அடங்கிரும்."

சுடலை இருமிக்கொண்டே எழுந்து வந்தார். "பொளப்புக்குப் போட்டிருக்காகன்னு அவுககிட்டச் சொல்லுங்களேன். மனுசங்கதான?"

"மேல சொல்லிப் பாத்துட்டேண்ணே. பொகை தெரிஞ்சா நீதான் பதில் சொல்லணும்ங்காக. எனக்கு வேலை போயிரும்." அவன் அவர் முகத்தைப் பார்க்கவில்லை.

மறுநாள் மூட்டத்தை அணைக்கத் தண்ணீர் லாரியோடு அழகுராஜா வந்தான். பித்தளை வால்வில் சொட்டுகிற அந்தத் தண்ணீரைப் பார்த்ததும் வெள்ளைத்தாய்க்கு மூட்டம் மறந்துபோனது. போய் லாரிக்கு முன்னால் நின்றுகொண்டாள்.

"இந்த லாரியத்தான எங்க தெருவுக்கு விடுங்கன்னு மாசக்கணக்காக் கேட்டோம்? அப்பல்லாம் டீசல் இல்லன்னீக. இப்ப மட்டும் எங்கன இருந்து வந்துச்சு?"

அழகுராஜா மூட்டத்தைக் காட்டி டிரைவருக்குச் சைகை செய்தான்.

"அணைச்சுக்கோங்க. நான் மறிக்கல. ஆனா மொதல்ல தெருவுக்குப் போங்க. பொம்பளைக கொடத்த நெரப்பட்டும். மிச்சத்தக் கொண்டாந்து ஊத்துங்க."

டிரைவர் அழகுராஜாவைப் பார்த்தான். அழகுராஜா சரியென்று தலையை ஆட்டினான். தெருவே குடமும் அண்டாவுமாக ஓடிவந்தது. பாதித் தண்ணீர் அங்கேயே காலி. மீதியை மூட்டத்தில் ஊற்றினார்கள். மண் கரைந்து உள்ளே சரிந்தது. சாம்பல் கலந்த வெந்நீர் சுடலையின் காலடி வரை வந்தது. அவர் நகரவில்லை. வெள்ளைத்தாய்தான் கையைப் பிடித்து இழுத்தாள்.

வியாழக்கிழமை வானம் துடைத்தாற்போல இருந்தது. யாரோ கொண்டுவந்து மாட்டிய சிலிண்டரில் அவள் அடுப்பைப் பற்ற வைக்க, படம் எடுத்தார்கள். வந்திருந்த அதிகாரியம்மா நல்ல மாதிரி. உள்ளறையில் இருமல் கேட்டதும் எட்டிப் பார்த்தார்.

"எவ்வளவு நாளா இருமறார்? புகை பக்கமே விடாதீங்கம்மா."

வெள்ளைத்தாய் வாயைத் திறந்தாள். வாசலில் அழகுராஜா நின்றிருந்தான்.

"சரிங்கம்மா" என்றாள்.

ஊருக்கு விருது கிடைத்தது. "இனிமே இங்கன மூட்டம் போட விடமாட்டாக தாயி" என்று ராக்கப்பன் கையை விரித்துவிட்டார். இருவரும் காரியாபட்டி தாண்டி, யாரும் பார்க்க வராத ஓர் ஊரில், காட்டுக்குள் தார்ப்பாய் கட்டித் தங்கினார்கள். அங்கே இவர்களுடையதோடு இன்னும் பலருடைய மூட்டங்களும் புகைந்தன. மார்கழிப் பனியில் சுடலைக்கு மூச்சு ஏறவில்லை. ஆட்டோ வந்து சேர்வதற்குள் அவள் மடியிலேயே அடங்கிப்போனார்.

காரியம் முடிந்ததும் பாண்டிலட்சுமி தாயின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"எங்கூட வந்துரும்மா. இங்கன யாரு இருக்கா ஒனக்கு?"

"அப்பன் அடுக்குன மூட்டம் அங்கன கெடக்கு. அதப் பிரிச்சிட்டு வாரேன்."

பிரித்தாள். கரியை லாரியில் ஏற்றிவிட்டாள். அடுத்த மூட்டத்துக்கு விறகு வெட்டப் போனாள்.