வகுப்பே நின்ற இடம்

பெண்கள் மதரஸாவின் மூன்றாவது மாடி அறையில் குர்ஆனை முறையாக ஓதச் சொல்லித்தருவது அங்கே ஆசிரியையாக இருந்த உஸ்தாதாவின் வேலை. எந்த எழுத்து தொண்டையின் அடியிலிருந்து வர வேண்டும், எது நாக்கு நுனியிலிருந்து, எங்கே இழுக்க வேண்டும், எங்கே நிற்க வேண்டும் என்று விரலை மடக்கி மடக்கிச் சொல்வாள். இழுப்பு ஒரு விரல் கூடிப்போனாலும் புருவம் ஏறிவிடும். மாணவிகள் அவளுக்கு ‘தராசு’ என்று பெயர் வைத்திருந்தார்கள். அது அவள் காதிலும் விழுந்தது. கோபம் எங்கே வந்தது? உள்ளுக்குள் பூரிப்புத்தான்.

பிள்ளை பெற்று, விடுப்பு முடிந்து வந்தாள். அதுவரை வகுப்பைப் பார்த்துக்கொண்டவள் அவளுடைய நாத்தனார். ஆண்டுத் தேர்வில் மாணவிகள் நன்றாக ஓதிவிட்டால் நாத்தனாருக்கு அங்கேயே நிரந்தர வேலை என்று முதல்வரம்மா வாக்குக் கொடுத்திருந்தார்.

வந்த அன்றே பெண்களை ஓதச் சொன்னாள். ஒரு நீண்ட வசனத்தின் நடுவில், நிற்கவே கூடாத இடத்தில், வகுப்பே டக்கென்று நின்றது. இரண்டு சொல் பின்னால் போய் எடுத்து மறுபடி ஓதியது. மூச்சு போதாதவர்கள் அப்படிச் செய்யலாம். பொருள் உடையாமலிருக்க அதுதான் முறை. ஆனால் படிக்கட்டில் பந்தயம் விடுகிற இந்தக் குமரிகளுக்கு மூச்சுக்கு என்ன பஞ்சம்?

“ஏன் அங்க நின்னீங்க?”

“அங்க நிக்கணும் உஸ்தாதா.”

“யாரு சொன்னா?”

“நீங்கதான்.”

“நானா? எனக்கென்ன புத்தியா பிசகிப்போச்சு?”

வீட்டுக்குப் போனதும் நாத்தனாரைப் பிடித்துக்கொண்டாள். “என் வகுப்ப என்ன பண்ணி வச்சிருக்க?”

“அண்ணி, நான் போனப்பவே அப்படித்தான் ஓதுனாங்க. உங்க பாடத்துல கை வைக்க எனக்கு ரெண்டு தலையா இருக்கு?”

பாத்திரம் தேய்த்துக்கொண்டே வசனத்தை முணுமுணுத்துப் பார்த்தாள். எங்கும் நிற்காமல் ஓடியது. குர்ஆனைத் திறந்து பார்த்தாள். அந்த இடத்தில் நிற்கச் சொல்லும் குறி ஒன்றும் இல்லை. மாணவிகள் பொய் சொல்கிறார்களா, நாத்தனாரா, இல்லை தனக்கே மறந்துவிட்டதா? சோற்றில் உப்புப் போட்டோமா என்பதுகூட அன்று அவளுக்குத் தெரியவில்லை. போட்டதையே மறுபடி போட்டாள்.

விஷயம் முதல்வரம்மா வரைக்கும் போனது. “தேர்வு வருது. இது யாரோட வேலைன்னு எனக்குத் தெரியணும். உன் நாத்தனார்னா சொல்லிடு, வேற ஆளப் பாக்கறேன்.”

“நாளைக்குச் சொல்றேன் மேடம்” என்று நழுவி வந்தாள். நாத்தனாரைக் காட்டிக்கொடுக்க வாய் வரவில்லை. அவள் இல்லை என்று அடித்துச் சொல்லவும் வழி தெரியவில்லை.

மறுநாள் பிள்ளையைப் பார்த்துக்கொள்ளும் மாமியாருக்குக் காய்ச்சல். தோளில் பையும் இடுப்பில் பிள்ளையுமாக மூன்று மாடி ஏறினாள். பயல் கல் மாதிரி கனத்தான். மேல்மூச்சு கீழ்மூச்சு வாங்க, பாயில் உட்கார்ந்தும் உட்காராமலும் அந்த வசனத்தையே எடுத்தாள்.

அந்த இடம் வந்தது. மூச்சு தீர்ந்தது. நின்றாள். தன்னையறியாமல் இரண்டு சொல் பின்னால் போய் எடுத்தாள். வகுப்பும் கூடவே நின்று, கூடவே எடுத்தது.

நிறைமாத வயிற்றைத் தூக்கிக்கொண்டு தினமும் இதே படி ஏறி வந்து, முதல் பாடமாக இந்த வசனத்தை ஓதிக்காட்டியது அப்போதுதான் நினைவுக்கு வந்தது. அவள் திணறியதையும் பாடம் என்றே பெண்கள் பிடித்துக்கொண்டிருக்கிறார்கள்.

பிள்ளையோடு நேரே முதல்வரம்மா அறைக்குப் போனாள்.

“மேடம், பாடத்தக் கெடுத்த ஆளக் கூட்டிட்டு வந்திருக்கேன்.”

முதல்வரம்மா கதவுப் பக்கம் எட்டிப் பார்த்தார். “எங்க, நாத்தனாரக் காணோம்?”

உஸ்தாதா பிள்ளையை மேசைமேல் உட்காரவைத்துப் பிடித்துக்கொண்டாள். “இவருதான். பொறக்கறதுக்கு முந்தியே வகுப்பு எடுத்திருக்காரு.”

“எனக்கு ஒண்ணுமே புரியல, போ.”

“எனக்கே இப்பத்தான் புரிஞ்சுது. அவளுக்கு வேல உண்டுன்னு சொல்லுங்க, வெவரமாச் சொல்றேன்.”