போக இரண்டரை, வர ஐந்தரை

செஞ்சி பஸ் நிலையத்தில் விழுப்புரம் வண்டிக்காக நின்றிருந்தேன். வெற்றிலைக் கடைக்காரர் கூப்பிட்டுச் சொன்னார்: "மேஸ்திரி, சேதி தெரியுமா? டிக்கெட் பாய் மவுத்தாயிட்டாரு. சாயங்காலம் அடக்கமாம்." வண்டி வந்தது. நான் ஏறவில்லை.

காதர் பாய் நம் ஊரில் உங்களில் பலருக்கு வளைகுடா டிக்கெட் வாங்கிக் கொடுத்தவர். எனக்கோ, கடைசிவரை வழக்கடித்தவர். சென்னையிலிருந்து துபாய்க்கு எத்தனை மணி நேரம் என்றால், டிக்கெட்டில் அச்சாகியிருக்கும் இரண்டு நேரங்களையும் கழித்துப் பார்த்து, "போக ரெண்டரை, வர அஞ்சரை" என்பார். ஒரே தூரம், அதெப்படி என்று கேட்டேன்.

"போறப்ப வெறுங்கையா போறான். வர்றப்ப டேப் ரிக்கார்டரு, கம்பளி, சென்ட்டுன்னு தூக்கிக்கினு வர்றான். கனம் இருக்குது இல்ல?"

அவர் கடையே சிரித்தது. நான் பள்ளிக்கூடம் போனவன் அல்ல; எழுத்தும் கணக்கும் நானாகக் கற்றவை. பழைய பேப்பர் கடையில் வாங்கிய அட்லஸில் நூல் பிடித்து அளந்து, விமான வேகத்தால் வகுத்தேன். போனாலும் நான்கு, வந்தாலும் நான்கு. டிக்கெட்டில் அச்சுப் பிழை என்றேன். "அட்லஸு பொய் சொல்லாது மேஸ்திரி. ஆனா பிளேனு அதைப் படிக்கலியே" என்றார்.

என் மனைவி இறந்த அன்று மாலை, துபாயில் கொத்து வேலை செய்த என் மகன் பாய் கடைக்குத்தான் போன் செய்தான். மறுநாள் காலை அங்கே ஆறு மணிக்கு விமானம். சென்னையில் பதினொன்றரைக்கு இறங்குவான் என்றார் பாய். பத்து என்றேன் நான். என் கையைப் பிடித்துக்கொண்டார். "இன்னிக்கு வாணாம் மேஸ்திரி. ஒரு மணி வரைக்கும் ஏர்போர்ட்ல கார் நிக்கட்டும்."

கையை உதறினேன். டிரைவரிடம், "பதினொன்று வரை பார். வராவிட்டால் விமானத்தை விட்டுவிட்டான், திரும்பிவிடு" என்றேன்.

மூன்று மணிக்குக் கார் காலியாக வந்தது. பொழுது சாய்வதற்குள் எடுக்க வேண்டும் என்றார்கள் உறவினர்கள். கொள்ளி நான் வைத்தேன். இருட்டும் நேரத்தில் மகன் பெட்டியோடு பஸ்ஸிலிருந்து இறங்கி வந்தான்.

"யாரு நைனா காரைத் திருப்பச் சொன்னது?"

நான் வாய் திறக்கும் முன் பாய் எழுந்தார். "நான்தான் தம்பி. நேரத்த தப்பா சொல்லிட்டேன்."

மகன் அவரைச் சொன்ன வார்த்தைகளை இங்கே எழுத முடியாது. நான் சும்மா நின்றேன். அதன்பின் அவன் அந்தக் கடைப்படியை மிதிக்கவில்லை.

துபாய்க் கடிகாரம் நம்முடையதைவிட ஒன்றரை மணி நேரம் பின்னால் ஓடுகிறது என்று பல மாதம் கழித்துப் படித்தேன். பாயிடம் போய்ச் சொன்னேன். "அப்ப நீங்க சொன்ன நாலு சரிதான் மேஸ்திரி" என்றார். ஒருமுறையாவது என்னைத் திட்டியிருக்கலாம். திட்டவில்லை. அந்தக் கோபம் எனக்கு இன்றும் ஆறவில்லை.

அவரிடமிருந்து என்னிடம் மிஞ்சியிருப்பது அந்த ஒரு பொய். நான் கேட்டு வாங்கியதல்ல. வேண்டாம் என்றும் சொல்லவில்லை. இந்தத் தாளை மகனுக்கும் அனுப்புகிறேன்.

தம்பி, காரைத் திருப்பச் சொன்னவன் உன் நைனா.