சந்தனமேரி அக்காவின் மாறுகண் ஜீப்பு

அந்த ஜீப்பு மேல எனக்குப் பல வருசக் கோவம். கோவில்பட்டியில எட்டையபுரம் ரோட்டுல வண்டி வயரிங் கடை வச்சிருக்கேன். நான் லைட் வச்சுக் கொடுத்த வண்டி எதுவானாலும் வெளிச்சம் ரோட்டுல நேரா விழும். அந்த ஒரு ஜீப்புல மட்டும் வலது லைட் ரோட்டைப் பார்க்கும், இடது லைட் ஓடைப்பக்கம் ஓடும். ஊரே அதை மாறுகண் ஜீப்புன்னுதான் சொல்லும்.

பக்கத்து டயர் கடைக்காரன் செல்வகணேசுக்கு என்னைப் பார்த்தாலே வாய் சும்மா இருக்காது. "இசக்கிதுரை, நீ வயரிங் பார்த்த ஜீப்பு ஓரக்கண்ணால பார்த்துக்கிட்டே போகுதே, யாரைப் பார்க்குதுன்னு கேட்டுச் சொல்லுடே" என்பான். டீ குடிக்கிறவன் எல்லாம் சிரிப்பான். தொழில் பார்க்கிறவனுக்கு இதைவிட என்ன அவமானம் வேணும்?

ஜீப்புக்காரி சந்தனமேரி அக்கா. போன மாசிமாசம் அடக்கம் பண்ணினோம். அவிய வீட்டுக்காரர் எபநேசர் அண்ணாச்சி செத்த பொறகு, விற்கச் சொன்னவங்களை எல்லாம் விரட்டிவிட்டுட்டு, தானே ஓட்டப் படிச்ச பொம்பளை. நாலு சக்கரமும் இழுக்கிற பழைய ஜீப்பு. மிளகாய்க்கும் பருத்திக்கும் உளுந்துக்கும் ஆள் ஏற்றிக்கிட்டுக் காலையில போவா. பொழுது அடையிற நேரம் கொண்டுவந்து இறக்கிவிடுவா. சத்தமாத்தான் பேசுவா. ஞாயித்துக்கிழமை பூசைக்குப் போகையில மட்டும் வாய் மூடியிருக்கும்.

அந்த ஜீப்பு லைட்டோட நான் பட்ட பாடு கொஞ்சமில்லை. கரிசல் தூசி மாவு மாதிரி. லைட் வளையத்து ரப்பர் லேசா வெடிச்சிருந்தாலும் உள்ளே போயிரும். உள்ளே வெள்ளி பூசின கிண்ணம் கறுத்துப்போகும். துணி வச்சுத் துடைச்சா பூச்சே உரிஞ்சு வந்திரும், அப்புறம் கிண்ணத்தையே மாத்தணும். வெளிச்சம் மங்குதுன்னு பல்பை மாத்திக்கிட்டே இருப்பாங்க. பாதி நேரம் குற்றம் பல்புல இருக்காது, பாடியில பிடிச்ச எர்த் வயர்ல துரு ஏறியிருக்கும். இதெல்லாம் பார்த்துச் சரிபண்ணி, சுவருக்கு எதிரே நிறுத்தி, ரெண்டு வெளிச்சத்தையும் ஒரே மட்டத்துல கொண்டுவந்து வைப்பேன். அக்கா வந்து பார்ப்பா.

"இடதைத் திருப்புலே."

ஆர்.டி.ஓ. ஆபீசுக்கு எப்.சி. காட்டப் போறப்ப மட்டும் நேரா வைக்க விடுவா. பாஸானதும் நேரே கடைக்கு வந்து நிப்பா. அவ்வளவு தூரம் திருப்ப அட்ஜஸ்ட் திருகு போதாது. உள்ளே ஒரு பக்கம் வாசர் வளையம் கொடுத்துக் கிண்ணத்தையே சாய்க்கணும். நான் வாய்க்குள்ள வஞ்சுக்கிட்டே செய்வேன்.

ஒரு மழைக்காலம், மாடலா இருக்கட்டும்னு வெள்ளை எல்.இ.டி. பல்பு போட்டுவிட்டேன். மறுநாளே திரும்பி வந்துட்டா.

"என்ன எழவுலே இது? ஈரக் கரிசல்ல இந்த வெள்ளை வெளிச்சம் அடிச்சா பள்ளமும் மேடும் ஒண்ணாத் தெரியுது. பழைய மஞ்சளையே போடு."

"போடுதேன். அந்த இடது லைட்டையும் நேரா வைக்கட்டுமா? ஊரே என்னைப் பார்த்துச் சிரிக்குதுக்கா."

எப்பவும் திட்டுற பொம்பளை அன்னைக்குத் திட்டலை. ஸ்டூல்ல உட்கார்ந்தா.

"பேச்சித்தாயி தெரியும்லா?"

தெரியும். மிளகாய் எடுக்கப் போய்க்கிட்டிருந்தவ, பாம்பு கடிச்சுச் செத்துப்போனா.

எப்போதும்வென்றான் ஊருக்குப் போற வழியில ஒரு விலக்கு. அங்கேயிருந்து இடது கைப்பக்கம் காட்டுக்குள்ள ஒரு பாதை போகும், அது முடியிற இடத்துல பேச்சித்தாயியும் கூட வேலைக்குப் போறவளுகளும் இருக்கிற ஊர். மழை பெய்ஞ்சா பாதை காயிற வரைக்கும் எந்தச் சக்கரமும் அதுல இறங்கக் கூடாதுன்னு ஊர்க்கட்டு. ஈரத்துல பதிஞ்ச டயர் தடம் காய்ஞ்சா கல்லாயிரும், மாடு காலை முறிச்சுக்கிடும். ஃபோர் வீல் ஜீப்பா இருந்தாலும் கட்டு கட்டுதான். பாம்பு கடிச்ச அன்னைக்கும் அக்கா தார் ரோட்டுல ஆளுகளை இறக்கிவிட்டுட்டுக் கிளம்பிட்டா. பின்னால கூப்பாடு கேட்டுத் திரும்பினா, பேச்சித்தாயி வரப்போரம் கிடக்கா. விரியன். ஜீப்புலதான் தூக்கிப் போட்டுக்கிட்டு வந்தா. வழியிலேயே முடிஞ்சுபோச்சு.

"என் லைட்டு ரோட்டைப் பார்த்து நேராத்தாம்லே இருந்துச்சு. ரோட்டுல என்ன இருந்துச்சு? ஒண்ணுமில்ல. அவ காலடியில இருட்டு."

ஜீப்பைக் குறுக்கே திருப்பி நிறுத்தலாம்லான்னு கேட்டேன். காற்றாலை இறக்கை ஏற்றின லாரி வாற ரோட்டுல குறுக்கே நிறுத்தினா பேச்சித்தாயி பின்னாலேயே நானும் போகவேண்டியதுதான்னு சொன்னா. அதனால ஜீப்பு ரோட்டோரம் நேரா நிக்கும், இடது லைட் பாதைக்குள்ள விழும். பொம்பளைக அந்த வெளிச்சத்துல நடந்து ஊருக்குள்ள ஏறினதும் ஜீப்பு கிளம்பும்.

விஷயம் தெரிஞ்ச பொறகும் என் கோவம் போகலை. தொழில்காரன் கோவம் அது. என் வீடும் அந்தப் பக்கம்தான். எத்தனையோ சாயங்காலம் ஜீப்பு அங்கே நிக்கிறதைப் பார்த்துக்கிட்டே பைக்ல தாண்டிப் போயிருக்கேன். ஒருநாளும் நின்னதில்லை.

போன ஐப்பசியில அக்காவுக்கு இடது கால் மரத்துப்போச்சு. கிளச்சை மிதிக்க முடியலை. ஜீப்பைப் போடி பக்கம் மலைத்தோட்டக்காரர் ஒருத்தர் வாங்கிக்கிட்டார். கொடுக்கிறதுக்கு முன்னால கடைக்கு அனுப்பி, போன்ல சொன்னா: "இடதை நேரா வச்சிருலே. மலையில இடது பக்கம் கிடுகிடு பள்ளம் இருக்கும். லைட் அங்கன விழுந்தா ஓட்டுறவன் கண்ணும் அங்கனதான் போகும்."

வாசரை எடுத்தேன். சுவர்ல ரெண்டு வட்டமும் ஒரே மட்டத்துல நின்னுச்சு. செல்வகணேசு வந்து பார்த்தான். "ஏ, கண்ணு சரியாயிட்டே" என்றவன், என் முகத்தைப் பார்த்துட்டுத் தன் கடைக்கே போயிட்டான். வருசக்கணக்கா வஞ்சு வஞ்சு செஞ்ச வேலை. அந்த வாசரைக் குப்பையில போட மனசு வரலை.

தை கடைசியில பார்க்கப் போனேன். கட்டில்ல கிடந்தா, பேச்சு குழறுச்சு.

"ஜீப்பு போயாச்சாலே?"

"போயாச்சுக்கா. நேரா வச்சுத்தான் அனுப்பினேன்."

"சரி. நீ அந்த விலக்கு வழியாத்தான வீட்டுக்குப் போற?"

"ஆமாக்கா."

"நம்ம ஜீப்புல வந்த சொர்ணத்தாயும் மத்தவளுவளும் இப்ப லோடு ஆட்டோவுல வந்து இறங்குதாளுவ. அவன் இறக்கிவிட்டதும் பறந்துருதானாம். ஒன் பைக்கை அங்கன நிறுத்து. லைட்டைப் பாதைப் பக்கம் திருப்பு. இஞ்சினை அணைச்சிராத, ஒன் வண்டியில லைட்டும் சேர்ந்து அணைஞ்சிரும். கடைசி ஆள் ஊருக்குள்ள ஏறுத வரைக்கும் நில்லுலே."