கொட்டகைச் சுவரோரம் ஓர் அண்டா

பாவாத்தாள் அடுப்புக்குள் இன்னொரு விறகைத் தள்ளினாள். மேலே, ஆள் உட்காரும் பித்தளை அண்டாவில், அடி சுடாமலிருக்கப் பலகை போட்டு, மூட்டுவலிக்காக வெந்நீரில் உட்கார்ந்திருந்தார் மாமனார் நாச்சிமுத்து. தன் முனகல் தெருவுக்குக் கேட்கக் கூடாதென்று பனியன் மெஷின் ஓடும் கொட்டகைச் சுவரோரமாக அவரே இடம் பார்த்து அடுப்புக் கட்டவைத்திருந்தார். ஆள் தூக்கிவிடாமல் அவரால் எழ முடியாது.

“நாளைக்கு உம்புருசனுக்குப் பொண்ணு பாக்கப் போறோம் புள்ள. மலட்டு மாட்டுக்கு எத்தன நாளு தீனி போடறது?”

“சரீங்க மாமா.”

இன்னும் இரண்டு விறகு வைத்தாள்.

“சூடு போதும்! ஏ புள்ள, தூக்கி உடு!”

“மெஷின் சத்தத்துல ஒண்ணுமே கேக்கலீங்க மாமா.”

மறுநாள் நாச்சிமுத்து வாழையிலையில் குப்புறக் கிடந்தார். பெண் பார்க்க யாரும் போகவில்லை. பாவாத்தாள் புளி போட்டு அண்டாவைத் துலக்கிக் கவிழ்த்து வைத்தாள்.