கம்பெனிப் பெட்டி வேண்டாம்

அக்கா தெயோபிலாமேல் அன்செல்மோவுக்குப் பதினோரு வருடக் கோபம். அம்மாவின் நிலத்தை விற்ற பணத்தை எதில் போடுவதானாலும் இருவரும் கையெழுத்துப் போட வேண்டியிருந்தது. சுரங்கக் கம்பெனியின் பங்குகளில் போட்டிருந்தால், வந்த லாபத்தில் தலைநகர் லிமாவில் விலைபேசி வைத்திருந்த லாரியை அவன் வாங்கியிருப்பான். அக்கா மறுத்துவிட்டாள். ஊர் ஆற்றைக் கெடுத்த அந்தக் கம்பெனிக்குத் தன் காசு போகாது என்று சொல்லி, கம்பளி நெய்யும் பெண்களின் கூட்டுறவுச் சங்கத்தில் போட வைத்தாள்.

"உன் சங்கத்து வட்டியில ஒரு டயராவது வாங்க முடியுமாக்கா?" என்று அவன் குத்துவான்.

"டயர் எதுக்குடா? நீதான் வாயாலேயே வண்டி ஓட்டுறியே" என்பாள் அவள்.

இந்த ஜூனில் அவளுக்கு நுரையீரல் கெட்டது. பக்கத்தில் உட்கார்ந்து உருளைக்கிழங்கு சூப் ஊட்டினான். அவனுக்கு அழுகையும் வரவில்லை, பழைய கோபமும் வரவில்லை. ஊரில் யார் செத்தாலும் கம்பெனி இலவசமாகச் சவப்பெட்டி அனுப்பும். மூடியில் அதன் முத்திரை இருக்கும். எல்லாரும் செய்வதுபோல அவனும் முன்கூட்டியே அவள் பெயரைப் பதிந்துவிட்டு வந்திருந்தான். அது அவள் காதுக்கு எட்டிவிட்டது.

"ஓசின்னதும் ஓடிட்டியாடா?"

"ஊரே வாங்குதுக்கா."

அவள் இருமி முடிக்கும்வரை காத்திருந்தான். பிறகு கடைசியாக அவனிடம் ஒன்று கேட்டாள்.

"போய் என் பேரை அடிச்சிட்டு வா தம்பி. தச்சன் ஹசிந்தோகிட்ட வெறும் பலகையில ஒண்ணு செய்யச் சொல்லு. அதுக்கு மட்டும் சங்கத்துப் பணத்துல எடு. மிச்சம் அங்கேயே கிடக்கட்டும்."